பாகற்காய் என்று சொன்னவன்

அண்ணாச்சி, ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம்.

சுவரில் பால் குடிக்கும். ஊரெல்லாம் கதை பேசும். தூங்கும்போதும் கண் சிமிட்டும். அது என்ன?

அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். பஸ் இப்போதுதான் தூத்துக்குடியைத் தாண்டியிருக்கிறது. கோவில்பட்டி போய்ச் சேரும்வரை நமக்கு வேறு என்ன வேலை?

செல்போனா? சரியான விடை. கொஞ்சமும் தடுமாறாமல் சொல்லிவிட்டீர்கள். ஆனால் நீங்கள் என் மகளின் பள்ளிக்கூட வாசலில் நின்று இந்த விடையைச் சொன்னால் அவள் உங்களோடு வரமாட்டாள். உள்ளே ஓடிப்போய் ஆயாவின் சேலையைப் பிடித்துக்கொள்வாள். சரியான விடை சொல்கிறவன் திருடன். தப்பான விடை சொல்கிறவன்தான் நம்ம ஆள். அது எங்கள் வீட்டுச் சட்டம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்ட சட்டம்.

சட்டமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். இப்போது இல்லை.

கொஞ்சம் இருங்கள். அந்த 'டிங்' சத்தம் உங்களுடைய போனா? பின்சீட்டிலா? சரி, சரி. என்னுடையதை அணைத்து, துண்டில் சுற்றி, பைக்குள் அடியில் வைத்திருக்கிறேன். ஆனாலும் எங்கே அந்தச் சத்தம் கேட்டாலும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடுகிறது. சாப்பிடும்போதும் இப்படித்தான். சுகந்தி பார்த்தும் பார்க்காததுபோல் சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். சுகந்தி என் மனைவி.

என் பெயர் செண்பகராஜ். மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறேன். கடையில் என்னை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் 'சார்ஜ் தீராத சபை' என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் போய்க் கேட்டால், மதி அப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அதுதான் அங்கே என் பெயர். மதி அப்பா. என் மகள் நிறைமதி.

அந்தச் சபையில் என்ன நடக்கும் என்றால், புதிதாக ஒரு போன் வந்தது, ஒரு ரோபோ தோசை சுட்டது, ஏதோ ஒரு கம்பெனி ஆளில்லாத கார் விட்டது என்று காலையில் யாராவது ஒரு செய்தியைப் போடுவார்கள். மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து அதைப் பிரித்து மேய்வார்கள். தோசை வட்டமா கோணலா, சட்டினி யார் அரைப்பது, கார் மாட்டைப் பார்த்தால் ஹாரன் அடிக்குமா, மாடு கேட்குமா, இப்படி. யாருக்கும் யாரையும் நேரில் தெரியாது. பாதிப்பேர் சொந்தப் பெயரே வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்படி ஒரு சிரிப்பு. பில் போடுகிற இடத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். முதலாளி எட்டிப் பார்ப்பார்.

நான் எழுதுவதும் அனுப்புகிற குரல் பதிவுகளும் அங்கே நன்றாக ஓடும். காரணம் என் மகள்தான். எந்தச் செய்தியானாலும் அவள் ஏதாவது ஒன்று சொல்லுவாள். ரோபோ தோசை சுட்டதைக் காட்டினேன், "அதுக்குப் பசிக்காதுல்ல, அப்புறம் எப்படி முறுகலா வரும்?" என்றாள். அதை அப்படியே பேசிப் போட்டேன். அன்றைக்குச் சபையே எழுந்து நின்றது. அதிலிருந்து தினமும் கேட்பார்கள். "மதி இன்னிக்கு என்ன சொல்லிச்சு?" நான் பேசி அனுப்புவேன்: "மதிக்குட்டி இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பித்து. அந்த ஆரம்பத்தைக் கேட்டாலே சிரிப்பு வருகிறது என்று ஒருவர் எழுதினார்.

போட்டோவா? அதிகம் போட்டதில்லை. விளையாட்டு விழாவில் அவள் ஓடியதை ஒருமுறை போட்டேன். பள்ளிக்கூடத்தின் பெயரை நான் எழுதவில்லை. சட்டையில் அச்சடித்திருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாருடைய குரலானாலும் கொஞ்ச நேரம் கேட்டால் போதும். கணினி அதே குரலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எதை எழுதிக் கொடுத்தாலும் அந்த ஆள் பேசுவதுபோலவே பேசும். எங்கேயோ ஒருவரிடம் அவருடைய மகன் குரலிலேயே அழுது ஏமாற்றிவிட்டார்கள் என்று போட்டிருந்தது.

சபை என்ன செய்யும்? சிரித்தது.

'பேட்டரி பெருமாள்' எழுதினார்: "என் குரல்ல அந்த மிஷின் எங்க வீட்டுக்காரிகிட்டப் பேசட்டும். திட்டு பூரா அதுக்குத்தானே விழும்." 'அரை ஜிபி' என்று ஒருவர்: "எங்க மாமியார் குரலை எடுக்கப் போன மிஷின் இன்னும் வீடு திரும்பலையாம்." நான் எழுதினேன்: "எங்க முதலாளி குரல்ல, நாளைக்கு லீவுன்னு ஒரே ஒரு தடவை பேச வச்சுட்டா, அந்த மிஷினுக்குக் கெடா வெட்டுறேன்." அன்றைக்கு நான்தான் முதல்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுதினார். 'டவர் இல்லாதவர்' என்பது அவர் பெயர். எப்போதாவதுதான் வருவார். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் வட்டம். அவர் எழுதியது எனக்கு மனப்பாடம். "பெரியவங்க ஏமாறுறது பெரியவங்க பாடு. பிள்ளைங்களை ஏமாத்துறது இதைவிடச் சுலபம். ரகசியச் சொல் வச்சிருந்தாலும் ஏமாத்திடலாம்."

எனக்கு அது பொறுக்கவில்லை அண்ணாச்சி. ஏனென்றால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே அதற்கு வழி செய்திருந்தோம்.

சுகந்தி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து போகும்போது அவள்தான் தினமும் பிள்ளையைக் கூட்டிப்போவாள். வேலை இழுத்துக்கொண்டால், பள்ளிக்கூட ஆயா பேச்சியம்மாளோடு பிள்ளை வாசலில் உட்கார்ந்திருக்கும். இந்தக் குரல் திருட்டைப் பற்றி எனக்கு முன்னாலேயே சுகந்தி எங்கேயோ படித்துவிட்டாள். "நமக்குள்ள ஒரு சொல் வச்சுக்குவோம்," என்றாள். "யார் வந்து கூப்பிட்டாலும் அந்தச் சொல்லைச் சொன்னாத்தான் நீ போகணும்."

மதி ஒத்துக்கொள்ளவில்லை. "சொல்லைச் சொல்லுன்னு கேட்டா திருடன் உஷாராயிடுவான்மா. விடுகதை போட்டா சந்தோஷமா விடை சொல்லிருவான். மாட்டிக்குவான்" என்றாள். விடுகதையை அவளே கட்டினாள். விடையையும் அவளே வைத்தாள். செல்போன் என்று சொன்னால் திருடன். பாகற்காய் என்று சொன்னால் நம்ம ஆள்.

ஏன் பாகற்காய் என்று கேட்டேன். "திருடனுக்குப் பாகற்காய் ஞாபகமே வராதுப்பா" என்றாள்.

எப்படிப்பட்ட மூளை பாருங்கள். சுகந்தி எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "இது நம்ம மூணு பேரைத் தாண்டக் கூடாது" என்றாள். சரி என்றேன். பேச்சியம்மாளுக்குக்கூட விடை தெரியாது. புது ஆள் வந்தால் பிள்ளை விடுகதை போடும், பிள்ளை சரி என்று சொன்னால் அனுப்புங்கள் என்று மட்டும்தான் அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தாள்.

இப்படி ஒரு பொருள் கையில் இருக்கும்போது, ஒருவர் வந்து பிள்ளைகளை ஏமாற்றுவது சுலபம் என்று எழுதினால் சும்மா இருக்க முடியுமா? நீங்கள் இருப்பீர்களா?

நான் விடுகதையை மட்டும்தான் போட்டேன். விடையைப் போடவில்லை. அதைக் கவனிக்க வேண்டும். சபை மொத்தமும் செல்போன், செல்போன் என்று எழுதியது. "தப்பு. நீங்க எல்லாரும் திருடங்க" என்றேன். ஒரே ரகளை. பல்லி என்றார் ஒருவர். தெருவிளக்கு என்றார் இன்னொருவர். பேட்டரி பெருமாள், "எங்க எதிர்வீட்டு அம்மா" என்றார். கடையில் ஒரு செயினுக்கு இரண்டு தடவை பில் போட்டுவிட்டேன், அவ்வளவு சிரிப்பு. விடை, விடை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் அசையவில்லை. அப்போது அரை ஜிபி எழுதினார்: "விடையே கிடையாது. மதி சொன்னதா இவரா எழுதுறாரு. எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம்."

அந்த வார்த்தை. அதற்குப் பிறகு நான் என்ன செய்வது? பெற்ற பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்கிறேன் என்று ஒருவன் சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் மதி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போனில் பதிவை ஓடவிட்டு, நாளிதழுக்கு அடியில் வைத்துவிட்டு, "ஏ புள்ள, அந்த விடுகதை எனக்கு மறந்து போச்சு, இன்னொருக்கா சொல்லு" என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். சரியாகச் சொன்னால் திருடன், பாகற்காய் என்று சொன்னால் நம்ம ஆள், ஏனென்றால் திருடனுக்குப் பாகற்காய் ஞாபகமே வராது, எல்லாம். கடைசியில், "இனிமே மறக்காதீங்கப்பா" என்றும் சொன்னாள். அதைத்தான் அனுப்பினேன். விடையை நான் சொல்லவில்லை அண்ணாச்சி. அவளே அவள் வாயால் சொன்னது.

அதற்கு விழுந்த இதயங்களைப் போல சபையில் எதற்கும் விழுந்ததில்லை. அரை ஜிபி மன்னிப்புக் கேட்டார். 'இனிமே மறக்காதீங்கப்பா' என்பதை எல்லாரும் எழுதி எழுதிச் சிரித்தார்கள்.

டவர் இல்லாதவர் ஒரு வரி எழுதினார். "இப்ப நானும் உங்க ஆளு."

நான் பதிலுக்கு, "முடிஞ்சா ஏமாத்திப் பாருங்க. என் மக உங்களை வித்துட்டு வந்துருவா" என்று போட்டேன். சும்மா வேடிக்கைக்கு. பக்கத்திலேயே சிரிப்பு முகம் போட்டிருந்தேன். காவல்துறையில் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஏன் சவால் விட்டாய், ஏன் சவால் விட்டாய் என்று. சிரிப்பு முகம் போட்டால் அது சவாலா? நீங்கள் சொல்லுங்கள்.

அப்புறம் சில நாள் ஒன்றுமில்லை. மடிக்கிற போன் நல்லதா கெட்டதா என்று சபை அடித்துக்கொண்டிருந்தது. நானும் மறந்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை, கடையில் கூட்டம் குறைந்த நேரம். போன் 'டிங்' என்றது. சபைதான். ஒரு போட்டோ. நீல வாசல் கதவு. பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியில் பாதிச் சேலை தெரிகிறது.

முதலில் எனக்குப் புரியவில்லை. எங்கேயோ பார்த்த கதவாக இருக்கிறதே என்று பெரிதாக்கிப் பார்த்தேன். பேச்சியம்மாளின் முக்காலி. போட்டோவுக்குக் கீழே ஒரு வரி. "இன்னிக்குப் பரீட்சை." அனுப்பியவர் டவர் இல்லாதவர்.

அண்ணாச்சி, பயம் என்றால் உடம்பு சூடாகும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்ததுபோல் ஆயிற்று. எதிரில் நின்றவர் பிரேக் ஷூ கேட்கிறார், அவர் வாய் அசைவது தெரிகிறது, குரல் வரவில்லை. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

உடனே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சுகந்திக்குப் போடலாம் என்று பெயரைத் தொடப் போனேன். தொட்டால் என்ன சொல்வது? விடை எப்படி வெளியே போனது என்று கேட்பாளே. அதை விளக்கிச் சொல்ல நேரம் பிடிக்கும். அதனால் போடவில்லை. சபையில் எழுதினேன். "யாருப்பா அது, விளையாடாதீங்க. அது நிஜமாவே என் மக ஸ்கூல்."

'டிங்.' சிரிப்பு முகம்.

"சத்தியமா சொல்றேன். யாராவது இந்த ஆளைத் தெரிஞ்சா நிறுத்தச் சொல்லுங்க."

'டிங்', 'டிங்'. பேட்டரி பெருமாள் எழுதினார்: "மதி அப்பா இன்னிக்கு நடிப்புல பின்றாரு." இன்னொருவர், "அடுத்த பாகம் எப்போ?" என்றார்.

அவர்கள் நம்பவில்லை. நான் கும்பிடுகிற கைகள் போட்டேன், அதற்கும் சிரித்தார்கள். நான் எது எழுதினாலும் சிரிக்கப் பழகியவர்கள். அவர்களிடம் எப்படித்தான் சொல்வது? முதலாளியிடம்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.

வழி முழுக்கச் சட்டைப்பைக்குள் 'டிங்', 'டிங்' என்று அடித்துக்கொண்டே இருந்தது. அவன் இன்னொரு போட்டோ போட்டிருப்பானோ, அதில் பிள்ளை இருக்குமோ, பிள்ளை வண்டியில் ஏறியிருக்குமோ. நிறுத்திப் பார்த்தால் நேரம் போய்விடும். பார்க்காமல் போனால், தெரிய வேண்டியது எதுவோ தெரியாமல் போகிறேனோ. எதிரில் வருகிற வண்டியில் எல்லாம் பின்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் பிள்ளையும் அதே சட்டை. பள்ளிக்கூடம் விட்ட நேரமல்லவா? ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறேன். ஒருவன் வண்டியை மறித்தே விட்டேன். அவன் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நல்லவேளை, இது வேறு பிள்ளை என்று நினைத்தேன். உடனே, அப்படியானால் என் பிள்ளை எங்கே என்று நினைத்தேன்.

என்ன அண்ணாச்சி, போனைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறீர்கள்? என்ன இல்லை?

டவரா?

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. நீங்கள் பாருங்கள். இந்தப் பக்கம் கொஞ்சதூரம் அப்படித்தான், எட்டயபுரம் வந்ததும் கிடைக்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். வந்தவனும் கண்ணாடி போட்டிருந்தானாம். நாட்டில் பாதிப்பேர் கண்ணாடி போட்டவர்கள்தான், எனக்குத் தெரியும். கோவித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு என்ன தொழில் என்று சொன்னீர்கள்? உர வியாபாரமா? சரி. நல்ல தொழில்.

எதில் விட்டேன்?

பிள்ளை இருந்தாள். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்; நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். வாசலில் பேச்சியம்மாளின் முக்காலிக்குப் பக்கத்தில் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். அவன் போய்விட்டான்.

நடந்ததைப் பேச்சியம்மாள்தான் சொன்னாள். தலையில் ஹெல்மெட், கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. மரியாதையான பேச்சு. "நான் மதி அப்பாவோட ஃப்ரெண்டு. அவங்கம்மாவுக்கு இன்னிக்கு வேலை முடிய லேட்டாகும்னு என்னை அனுப்பினாரு" என்றிருக்கிறான். மதி விடுகதை போட்டிருக்கிறாள். சுவரில் பால் குடிக்கும், ஊரெல்லாம் கதை பேசும், தூங்கும்போதும் கண் சிமிட்டும்.

"பாகற்காய்" என்றிருக்கிறான்.

பேச்சியம்மாள் மதியைப் பார்த்து, "என்ன தாயி, சரியா?" என்று கேட்டிருக்கிறாள். விடை சரிதானே. ஆனாலும் மதி காலை எடுத்து வைக்கவில்லை. அப்போது அவன் சிரித்துக்கொண்டே போனை நீட்டி, "அப்பாவே பேசுறாரு, கேளு" என்றானாம்.

போனிலிருந்து என் குரல் வந்திருக்கிறது. "மதிக்குட்டி, மாமா கூட வாடா செல்லம், அப்பா வீட்ல இருக்கேன்" என்று. அச்சு அசல் என் குரலே என்றாள் பேச்சியம்மாள். "உங்க குரல்தானே ஐயா, போ தாயின்னு நானே சொல்லிட்டேன். நான் என்னத்தைக் கண்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அப்படிப் பேசவே இல்லை அண்ணாச்சி. நான் அப்போது சபையில் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். என் வாய், என் மூக்கு, என் நாக்கு எல்லாம் என்னிடம் இருக்கும்போது என் குரல் மட்டும் அங்கே தனியாகப் போய் நின்று என் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பேசவே பயமாக இருக்கிறது. இந்த பஸ்ஸில் யாராவது பதிவு செய்துகொண்டிருந்தால்? உங்களிடம் பேசுகிறேனே, அது வேறு. ஆள் பார்த்தால் தெரியாதா?

மதி போகவில்லை. "நீ எங்க அப்பா இல்ல" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவன் "கெட்டிக்காரப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வண்டி நம்பரை யாரும் பார்க்கவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பின்னால் சுகந்தி அவளிடம் கேட்டாள். "அப்பா என்னை மதிக்குட்டின்னு போன்ல பேசுறப்ப மட்டும்தாம்மா சொல்வாங்க. வீட்டுல ஏ புள்ளன்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள். எவ்வளவு கூர்மை. இதைச் சபையில் போட்டிருந்தால்... போடவில்லை. போடவில்லை, அப்படிப் பார்க்காதீர்கள். ஒருமுறை எழுதினேன், அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

அவன் யார் என்று இன்றுவரை தெரியாது. போட்டோவை அவனே அழித்துவிட்டு அன்றைக்கே குழுவைவிட்டு வெளியேறிவிட்டான். அவன் நம்பர் வேலை செய்யவில்லை. காவல்துறையில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கும் அதற்காகத்தான் தூத்துக்குடிக்கு வந்தேன். என் குரல் பதிவுகளை எல்லாம் வரிசையாகப் போட்டுக் கேட்டார்கள். முதலாவதற்கு ஒரு அதிகாரி சிரித்துவிட்டார். தோசைக்கு.

வேடிக்கைக்குத்தான் வந்தானா, ஜெயித்துக் காட்ட வந்தானா, நிஜமாகவே கொண்டுபோக வந்தானா என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? மதி கூடப் போயிருந்தால் என்ன செய்திருப்பான்? அடுத்த தெருவில் இறக்கிவிட்டுச் சிரித்திருப்பானா? அதை நினைக்கும்போதுதான் தூக்கம் போய்விடுகிறது. சபையில் எத்தனையோ பேர். பேட்டரி பெருமாளாக இருக்குமோ, அரை ஜிபியாக இருக்குமோ, அவர்களே இரண்டாவது நம்பரில் வந்தார்களோ. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரையும் பார்க்கிறேன். கண்ணாடி போட்டவன் பில் வாங்கிக்கொண்டு நன்றி என்று சொன்னால் வாசல்வரை பின்னாலேயே போய் வண்டி நம்பரைப் பார்க்கிறேன்.

நான் சபையிலிருந்து வெளியே வரவில்லை. வரச் சொல்லி சுகந்தி சொன்னாள். வெளியே வந்துவிட்டால் அவன் வேறு பெயரில் உள்ளே வந்து என்ன எழுதுகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாதுகாப்புக்காகத்தான் இருக்கிறேன். அவர்கள் நடந்துகொண்டதும் சரியில்லை. ஒருவர்கூட நேரில் வந்து ஆறுதல் சொல்லவில்லை. ஒருநாள் முழுக்கப் பேசினார்கள். மறுநாள் காலை, கையில் கட்டுகிற கடிகாரம் நாடி பார்க்கிறதாம், அதைப் பற்றிய பேச்சு. மனிதர்கள்.

எட்டயபுரம் வந்துவிட்டது. டீ சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா? சரி. எனக்கும் இறங்கப் பிடிக்கவில்லை.

அன்று வாசலில் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். சுகந்தியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. பேச்சியம்மாள் சொல்லியிருப்பாள்.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேனா, பிள்ளை நிற்பதைப் பார்த்தேன். ஒரு மாதிரி குழைந்துபோய், "மதிக்குட்டி, வாடா, அப்பா வந்துட்டேன்" என்றேன். அதுவாக வந்துவிட்டது.

அவள் வரவில்லை. பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாக விடுகதையைப் போட்டாள். என்னிடம், அண்ணாச்சி. பெற்ற தகப்பனிடம்.

"ஏ புள்ள, என்னைத் தெரியலையா?"

"தெரியுது. விடையைச் சொல்லுங்க."

"பாகற்காய்."

"அந்த மாமாவும் அதான் சொன்னாங்க."

பேச்சியம்மாள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு பேருக்குத்தான் தெரியும்," என்றாள் மதி. சத்தம் போடவில்லை. கணக்குப் போடுவதுபோல் விரலை மடக்கினாள். "நான் யாருகிட்டயும் சொல்லல. அம்மா சொல்ல மாட்டாங்க." மூன்றாவது விரலை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அது வந்து, இப்பல்லாம் மிஷினே எல்லாத்தையும் கண்டுபிடிச்சுருது புள்ள," என்றேன். "செய்தியில போட்டிருந்தான்."

அவள் விரலை இறக்கவில்லை.

"வா, வீட்டுக்குப் போவோம். வண்டியில ஏறு" என்று கையை நீட்டினேன். பேச்சியம்மாளும், "அப்பா தாயி, போ தாயி" என்றாள்.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா வந்ததும் அம்மாவோடு போவதாகச் சொன்னாள்.